வீடு குடுத்தாச்சு

தம்பி,

இதை ரயிலில் நின்றுகொண்டு வாசிக்காதே. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. தமிழில் இவ்வளவு நீளமாக யாரும் உனக்கு எழுதியிருக்க மாட்டார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். விளங்காத சொல் இருந்தால் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேள், இதில் இருப்பது முழுக்க அவவுக்கு இப்போது தெரியும். பிரெஞ்சில் எழுதினால் உனக்கு லேசாக இருந்திருக்கும். ஆனால் நான் சொல்லப்போவது அந்த மொழியில் உன்னைக்கொண்டு நான் சொல்வித்த ஒரு பொய்யைப் பற்றி. அதை என் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

செப்டெம்பரில் உனக்கும் நயோமிக்கும் கல்யாணம். ஈஸ்டர் விடுமுறைக்கு நீயும் நயோமியும் பிலடெல்பியாவில் இருந்து வந்துபோன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் போன் எடுக்கிறாய். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், மண்டபம் பார்த்த கதை சொல்கிறாய், எனக்கு மருந்து முடிந்துவிட்டதா என்று விசாரிக்கிறாய். ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு மேசையில் நடந்ததைப் பற்றி மட்டும் நீ வாய் திறப்பதில்லை, நானும் கேட்பதில்லை. போனை வைத்த பிறகு அம்மா என் முகத்தைப் பார்ப்பா. நான் எழும்பிப்போய் வெளிப்படியில் நிற்பேன். அந்தப் படி வளைந்து, நாங்கள் வாடகைக்கு விடுகிற மேல்வீட்டுக்குப் போகிறது. எங்கே போய் நின்றாலும் அந்த மேல்வீடு என் தலைக்கு மேலேயே இருக்கிறது.

அன்றைக்கு அம்மா புட்டும் நண்டுக் குழம்பும் வைத்திருந்தா. நயோமி கையால் சாப்பிடப் பழகியிருந்தாள். தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி ஓடியது. எங்கேயோ ஒரு நகரத்தில் கறுப்பு மக்கள் ஊர்வலம் போனார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் நாங்கள் ஆண்கள் கூடிநின்று சொல்லிச் சொல்லிப் பழகிய கதை என் வாயில் ஆயத்தமாக இருந்தது. நாங்கள் இரண்டு பையோடு வந்தோம், மொழி தெரியாது, குளிர் தெரியாது, பாத்திரம் கழுவினோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், அப்படியென்றால் அந்த நாட்டிலேயே பிறந்த இவர்களுக்கு ஏன் ஏலாது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு கறுப்புப் பெண்ணான அவளுடைய முகத்துக்கு நேரே.

அவள் கோபிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள், இந்தக் கேள்வியை எத்தனை பிள்ளைகளின் வாயால் கேட்டிருப்பாளோ. முதன்முதல் மொன்றியலில் உங்களுக்கு வீடு கொடுத்தது யார் என்று என்னிடம் கேட்டாள். பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஒரு கிரேக்கக் கிழவர், எங்களுக்கு முன்பு இருந்த தமிழ்க் குடும்பம் நல்லவர்கள் என்று நம்பி எங்களையும் எடுத்தார் என்றேன். தன்னுடைய தாத்தா தபால் கந்தோரில் வேலை செய்தவர் என்று அவள் சொன்னாள். கையில் நிரந்தர வேலை இருந்தும், அவர் கேட்ட தெருவில் கறுப்பருக்கு வீடு விற்கமாட்டார்கள், வங்கியும் கடன் கொடுக்காது. கடைசியில் யாரும் விரும்பாத ஒரு தெருவில் வாங்கினார். அங்கே பள்ளிக்கூடம் மோசம், வீட்டுக்கு விலை ஏறவே இல்லை. அவருடைய பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கினார்கள், பேரப்பிள்ளைகளும் அங்கிருந்தே தொடங்கினார்கள். ஓட்டத்தில் யார் வேகமாக ஓடினார் என்று பார்க்கிறீர்கள் மாமா, எங்கே நிற்க விட்டார்கள் என்று பார்க்கவில்லை என்றாள்.

நான் விடவில்லை. எங்களையும் அப்படித்தான் நடத்தினார்கள் என்றேன். இங்கே வருவதற்கு முதல் கொழும்பில் அறை தேடி அலைந்ததைச் சொன்னேன். காலையில் போனில் கேட்டால் அறை இருக்கும். நேரில் போய் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் காட்டினால் இப்பதான் குடுத்தாச்சு என்பார்கள். ஒரே நாளில் நாலு வாசலில் அதைக் கேட்டேன். அதற்காக நாங்கள் அழுதுகொண்டு நிற்கவில்லையே என்று முடித்தேன். அவள் என்னைப் பார்த்து, மெதுவாக, “அப்படியென்றால் உங்களுக்கு அது தெரியும்” என்றாள். எனக்கு அனுதாபம் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பேந்து, பழைய சட்டமெல்லாம் போய்விட்டது, இப்போது யார் தடுக்கிறார்கள் என்று கேட்டேன். சட்டம் போனாலும் வாசலில் நின்று பதில் சொல்வது மனிதர்தானே என்றாள். பிறகு, கதையோடு கதையாகக் கேட்டாள்: “உங்கள் மேல்வீட்டில் இதுவரை யார் யார் இருந்திருக்கிறார்கள்?”

வரிசையாகச் சொன்னேன். முதலில் வவுனியாக் குடும்பம், பிறகு புங்குடுதீவுப் பெடியங்கள் மூன்று பேர், பிறகு ஒரு வெள்ளைக்காரச் சோடி, இப்போது மட்டக்களப்பு ரீச்சர். சொல்லிமுடித்த கையோடு நானாகவே ஒரு வசனத்தைச் சேர்த்தேன். கறுப்பு ஆக்கள் ஒருத்தரும் கேட்டு வரவில்லை, வந்திருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. நீ நண்டுக் காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு, கையைக் கழுவ எழும்பிப் போனாய். திரும்பி வந்து இருக்கவில்லை.

நான் மேசையில் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியும். அந்த விஷயம் நடந்தபோது உனக்குப் பத்து வயது. துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் நான் கொள்கலன்களில் இருந்து சாமான் இறக்குகிற வேலை செய்தேன். என்னோடு சோடியாக நின்றவன் ஜோசுவே, ஹெயிட்டியில் இருந்து வந்த கறுப்பு மனிதன். நான் சேர்ந்த முதல் கிழமை, பெட்டிகளைப் பிழையான பலகையில் அடுக்கி மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்க இருந்தேன். அவன் தான் செய்த பிழை என்று சொல்லி என்னைக் காப்பாற்றினான். பிரெஞ்சு எனக்கு அவன் படிப்பித்ததுதான். ‘சகோதரா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவான். அவனும் மனைவி மிரெய்யும் மகள் எஸ்தரும் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தார்கள். சுவரெல்லாம் ஈரம், கறுப்பாகப் பூசணம். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். எங்கள் மேல்வீடு காலியாகப்போவது தெரிந்ததும் என்னிடம் கேட்டான். ஓம், பார்ப்போம் என்றேன். அம்மாவிடம் சொன்னேன். அவ உடனே, “தெரிஞ்ச மனிசன், குடுங்கோவன். சின்னப் பிள்ளையும் இருக்கு” என்றா. இதைக் கவனமாக வாசி தம்பி. ஏனென்றால் பிற்காலத்தில் ஆட்கள் கேட்டபோது, மனிசிக்கு விருப்பமில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியாமல் இருந்தது. போன கிழமைதான் சொன்னேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லியிருக்கிறேன். ஜோசுவே வீடு பார்க்க வருவதாக இருந்த சனிக்கிழமைக்கு முதல் ஒரு விருந்தில் என் மச்சான் சொன்னான், அவங்களுக்குக் குடுத்தால் பேந்து எங்கட ஆக்கள் ஒருத்தரும் உன்ர வீட்டுக்கு வராயினம் என்று. கறுப்பு மக்களைக் குறிக்க எங்களுக்குள் ஒரு சொல் இருக்கிறதே, அதைத்தான் அவன் பாவித்தான். நான் அதை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், என் வாயில் இருந்துதான் நீயும் பழகினாய். ஆனால் மச்சான் மேல் பழிபோட வரவில்லை. அவன் சொல்லும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் நினைத்ததை இன்னொருவன் சொல்லிவிட்டான். ஊரில் எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தவர்களுக்குச் சிரட்டையில்தான் தேத்தண்ணி கொடுத்தோம். பெரியவர்கள் செய்தது என்று இல்லை, அந்தச் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான். யாரை வாசலோடு நிறுத்துவது என்று கனடாவுக்கு வந்து நான் படிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜோசுவேயும் மிரெய்யும் வந்து வெளிப்படியின் கீழே நின்றார்கள். மிரெய் கோயிலுக்குப் போவது போல உடுத்தியிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். நீ என் பின்னால் நின்றாய். உன்னை முன்னுக்கு இழுத்து, வீடு குடுத்தாச்சு எண்டு சொல்லடா என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். காலையில் நீயும் நானும்தான் யன்னலில் வாடகைக்கு என்ற அட்டையை ஒட்டினோம். ஆருக்குக் குடுத்தாச்சு என்று தமிழில் கேட்டாய். சொல்லு எண்டால் சொல்லு என்றேன். நீ சொன்னாய். பிரெஞ்சில், ‘தெஷா லுவே’. இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும், தம்பி. ஜோசுவேதான் எனக்குப் படிப்பித்தான். எனக்கு மொழி போதாது என்று உன்னைக் கூப்பிடவில்லை. அவனுடைய கண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலவில்லை, அதனால் உன்னுடைய வாயை எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். நான் உள்ளே வந்து அம்மாவிடம், அவங்களுக்கு வீடு பிடிக்கேல்லையாம் என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஜோசுவே வழக்கம்போல முதலில் வந்து நின்றான். “போன்ஜூர், மொஸ்ஸியே” என்றான், அந்நியரைக் கூப்பிடுவது போல ஐயா என்று. சகோதரன் என்ற சொல் அத்தோடு நின்றுபோனது. வேறு ஒன்றும் மாறவில்லை. பாரம் தூக்கும்போது முன்போலவே கை கொடுத்தான். என் முதுகு பிடித்த நாட்களில் கீழ்வரிசையை அவனே எடுத்தான். நாற்பது அடி இரும்புப் பெட்டிக்குள், ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்க, கோடையில் வேர்வை கண்ணில் விழ, நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே ஒன்பது வருடம் நின்றோம். யன்னலில் அட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். இன்றைக்குக் கேட்பான், நாளைக்குக் கேட்பான் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவன் கேட்கவேயில்லை. வேறு பகுதிக்கு மாற்றம் கேட்டு எழுதினேன், இடமில்லை என்றார்கள். இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று அங்கேயே கிடந்தேன். பிறகு அவன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்ய் ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவைப் பற்றி வாதாடுவது எனக்கு ஏன் அவ்வளவு விருப்பம் என்று இப்போது விளங்குகிறது. அது எல்லைக்கு அந்தப்பக்கம். அங்கே கெட்டவர்கள் வெள்ளைக்காரர், பாவப்பட்டவர்கள் கறுப்பர், நான் வெறும் பார்வையாளன், தீர்ப்புச் சொல்லலாம். நயோமியின் தாத்தாவுக்கு வீடு இல்லை என்று சொன்னவன் எப்படி இருந்திருப்பான் என்று நான் நினைத்துப் பார்த்தேன். பேய் போல ஒருவன் என் கண்ணில் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, தெருவில் எல்லாருக்கும் தலையசைத்து, அயலவர் என்ன சொல்வார்களோ என்று பயந்த ஒருவன்தான் வந்தான். அவனுக்கு என்னுடைய முகம் இருந்தது.

போன கிழமை மஞ்சள் லைன் மெட்ரோ எடுத்து லொங்குய்ய் போனேன். களஞ்சியத்தில் இருந்த பழைய ஆள் ஒருவனிடம் விலாசம் வாங்கினேன். சின்ன ஒரு மாடி வீடு, ஜோசுவே வேலியோரம் தக்காளிக் கன்றுக்குத் தடி ஊன்றிக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கதிரை எடுத்துப் போட்டான். முதல் கேள்வி, “உன் மகன் எப்படி இருக்கிறான்?” பிலடெல்பியாவில் வேலை, கல்யாணம் வருகிறது என்றேன். பெண் யார் என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான், ஆனால் அதில் கேலி இல்லை. பிறகு நான் வந்த விஷயத்தைத் தொடங்கினேன். வீடு குடுத்தாச்சு என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன்.

“தெரியும்” என்றான். அட்டையைப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். பிறகு அவன் சொன்னது இது. அவனும் மிரெய்யும் தெருமூலைக்குப் போனபோது நீ சைக்கிளில் பின்னால் வந்தாயாம். மூச்சு வாங்க நின்று, அது உண்மையில்லை மொஸ்ஸியே, வீடு காலியாகத்தான் இருக்கிறது, பார்தோன், மன்னியுங்கோ என்றாயாம். அழுதாயாம். மிரெய் உன் முகத்தைத் துடைத்துவிட்டாளாம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு அடிப்பார் என்று நீ கேட்டாயாம். அவன் உனக்குச் சத்தியம் செய்து கொடுத்தான்.

தம்பி, அந்த ஒன்பது வருடமும் அவன் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தது உனக்காக. நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்த இடத்தில், அவன் உன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றான். நீயும் அதை வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தாய். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டாய் என்று ஒரு நாளும் நீ காட்டவில்லை. உன்னுடைய பதின்ம வயதில் நீ என்னோடு கதைப்பதைக் குறைத்தபோது, இங்கத்தைய பிள்ளைகள் இப்படித்தான் என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நெடுநேரம் கையில் இருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டு இருந்தான். அந்த நிலக்கீழ் வீட்டில் இன்னும் மூன்று மாரி இருந்தோம் என்றான். எஸ்தருக்கு இப்போதும் பையில் மூச்சு மருந்து இருக்க வேண்டும். வீட்டால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னான்: “உன் மகன் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டான். அதை நான் வாங்கிக்கொண்டேன். உன்னுடையதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.” கோபமாகச் சொல்லவில்லை. மிரெய் குசினி யன்னலுக்குள்ளே நின்றது தெரிந்தது, அவள் வெளியே வரவில்லை. அவன் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். ஓ ர்வுவார், மொஸ்ஸியே, போய்வாருங்கள் ஐயா என்றான்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது, பாரம் குறைந்திருக்கும் என்று பார்த்தேன். குறையவில்லை. போய்ச் சொன்னால் கதவு திறக்கும் என்று நினைத்தது பிழை. இந்த மேல்வீட்டை இப்போது கேட்டு வந்தால் கொடுப்பாயா என்று நீ என்னைக் கேட்டால், ஓம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாசலில் நிற்கிறவரைக் கண்டதும் எனக்குள் முதலில் எழும்புவது என்ன என்று எனக்குத் தெரியும். அது போகவில்லை. உனக்குப் பிள்ளைகள் பிறக்கும். அவர்களை நான் தூக்குவேன். தெருவில் யாராவது அவர்களைப் பார்த்து அதே முகத்தைக் காட்டினால், அந்த முகம் எனக்குப் பழக்கமானதாக இருக்கும். அதை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா திருந்திவிட்டார் என்று நீ நயோமிக்குச் சொல்லிவிடாதே. உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி, உன் பிள்ளைகளுக்கு எந்த மொழி வந்தாலும், உனக்குச் சொல்லப் பயமானதை அவர்களைக்கொண்டு சொல்விக்காதே.

செவ்வாய்க்கிழமை நான் நயோமிக்குப் போன் எடுத்தேன். உனக்குத் தெரியாமல் அவளிடம் சொல்லிவிட்டால் சுகம் என்று நினைத்தேன். மேல்வீட்டைப் பற்றி நான் சொன்னது உண்மையில்லை, வந்து முழுதும் சொல்கிறேன் என்றேன்.  நான் எடுப்பது உனக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். “அப்படியென்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள் மாமா. அவருக்குத் தெரியாமல் என்னிடம் ஒன்றும் வைக்க வேண்டாம்” என்றாள். கோபமா என்று குரலில் பிடிபடவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை பஸ் எடுக்கிறேன், வெள்ளி காலையில் வந்து சேருவேன். அம்மா வரவில்லை, நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்றுவிட்டா. நயோமியிடம் நான் ஆங்கிலத்தில் சொல்லப்போகிறேன். இலக்கணமெல்லாம் பிழையாகத்தான் இருக்கும். இடையில் சொல் வராமல் நான் நின்றால், நிற்கட்டும். நீ பக்கத்தில் இருந்தால் போதும். எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அப்பா